நின்றுபோன வரிசை

வவுனியாவில் ஒரு கிளினிக்கில் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நொண்டி நடக்கிறேன். ஆணி ஏறிய கால். மருந்து கட்டிய பிள்ளை கை தாராளமானவள். ஒவ்வோர் அடிக்கும் கட்டிலிருந்து அயடீன் மணம் எழும்புகிறது. மற்றவர்களுக்கு இந்த மணத்தில் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு வருவது கொக்குவிலில் மதில் சூழ்ந்த ஒரு வீட்டின் பின்னறை. வேறு மணமென்றால் உதறிவிட்டு நடக்கலாம். இது காலோடு கட்டப்பட்டிருக்கிறது.

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். நெல் ஆலை, உப்பளம், மயிலிட்டியில் வலை இழுப்பு என்று போய், சண்டைக்குப் பயந்து மயிலிட்டிச் சனம் ஓடியபோது நானும் ஓடினேன். ஓரிடத்தில் தங்கினால் உள்ளங்கால் அரிக்கிற ஆளுக்கு அந்தக் காலம் ஒருவகையில் வசதிதான், எல்லாருமே ஓடிக்கொண்டிருந்தார்கள். பொருளாதாரத் தடை வந்து சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் மருந்துபோல விற்றது. மருந்து விற்கவேயில்லை. அப்போதுதான் கிரேஸ் மிஸ்ஸுக்கு வேர் கிண்டிக் கொடுக்கும் வேலை கிடைத்தது.

மிஸ் ரசாயனம் படிப்பித்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தால் எழும்பிய குடும்பம். அவருடைய கொக்குவில் வீட்டில் பியானோ இருந்தது, வாசிக்க ஆள் இல்லை. என் வேர்ச் சாக்கு அதற்கு மேலேதான் இருக்கும். வேரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அவித்துக் குடித்துவிடுவீர்கள், சனம் அப்படித்தான். மலேரியாக் காய்ச்சலுக்கு எங்கள் பக்கத்தில் பலரும் அதைக் குடித்தார்கள், குளிர் விட்டது என்றார்கள். எது விடச் செய்கிறது என்று மிஸ் தேடிக்கொண்டிருந்தார். வேர்ச் சாற்றைத் தாள் துண்டில் ஏறவிட்டு, அயடீன் போட்ட சாடிக்குள் தொங்கவிடுவார். வெறும் தாளில் மண்ணிறப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். வெளியே எடுத்தால் கண்முன்னாலேயே மறையத் தொடங்கும். அதற்குள் பென்சிலால் வட்டம் போட்டுவிடவேண்டும். முதல் முறை பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுபோல இருந்தது.

என்னுடைய இன்னொரு வேலை சுவரில். மிஸ்ஸுக்கு வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்கள், கொழும்புக்குப் போய்வருகிற ஒரு பாதிரியார் மூலம், மாதக்கணக்கில் பிந்திக் கட்டாக வரும். மருந்துச் செடிகளைப் பற்றி வந்த ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு சின்ன அட்டை எழுதித் தருவார். நான் ஸ்டூலில் ஏறி ஒட்டுவேன். ஒரு செடிக்கு ஒரு வரிசை. இடப்பக்கம் பழைய வருசங்கள், யன்னல் பக்கம் புதியவை. எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும். என் உயரத்துக்காகத்தான் அந்த உத்தியோகம்.

ஒருநாள் ஒட்டி முடித்து இறங்கினேன். மிஸ் கதிரையில் இருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடை வேரின்ரை வரிசையைப் பாரும்."

பார்த்தேன். இடப்பக்கம் ஓரிரு அட்டைகள், பிறகு நெருக்கம், பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டவேண்டிய அளவு. அதன்பின் வெறும் சுண்ணாம்புச் சுவர். மற்ற வரிசைகள் எல்லாம் யன்னல்வரை போயின.

"அட்டை முடிஞ்சுதோ மிஸ்?"

"முடியேல்லை. நிப்பாட்டிட்டினம்."

"ஆர்?"

"எல்லாரும்."

வெளியே அணில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. எனக்கு ஏனோ கதவைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

இதழ்கள் வராததால் வந்த இடைவெளியோ என்று அவரும் நினைத்திருக்கிறார். ஆனால் அதே இதழ்களில் மற்றச் செடிகள் தொடர்ந்து வந்தன. ஒருவரை ஒருவர் தெரியாத ஆட்கள், வேறு வேறு நாடுகள், ஏறக்குறைய ஒரே காலத்தில் வாயை மூடியிருந்தார்கள். இன்னொன்றும் இருந்தது. அந்தக் காலத்து விஞ்ஞானிகளிடம் ஒரு வழக்கம்: உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று தாருங்கள் என்று தபாலட்டை போட்டால் உடனே அனுப்புவார்கள், கலியாணக் கார்ட் கொடுக்கிற சந்தோசத்தோடு. மிஸ் பாதிரியாரிடம் கொடுத்தனுப்பிய தபாலட்டைகளுக்கு மற்றச் செடிக்காரர் எல்லாரும் பதில் போட்டார்கள். எங்கள் வேர்க்காரர் ஒருவர்கூடப் போடவில்லை.

"வலு திறமா வேலை செய்தா மருந்துக் கொம்பனிக்காரன் வாங்கி அவையின்ரை வாயைப் பொத்துவான். நஞ்செண்டு கண்டா அவையே பொத்திக்கொள்ளுவினம். தோத்ததை ஆரும் அச்சிலை போடுறேல்லை, தம்பி."

"அப்ப இது எது மிஸ்?"

"அதுதானே தெரியேல்லை. குடிக்கிற ஆக்களுக்குச் சொல்லும், நிப்பாட்டச் சொல்லி. ஈரலைத்தான் பிடிக்குமெண்டு நினைக்கிறன். மூத்திரம் தேத்தண்ணிச் சாயம்மாதிரிப் போனா ஒரு நாளும் குடிக்கக்கூடாது."

அந்த வேரைப் பற்றி அவரும் ஒரு கட்டுரை தட்டச்சு அடித்து, அனுப்புவதற்கு ஆயத்தமாக வைத்திருந்தார். பல வருசத்து உழைப்பு. அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அவரும் நிறுத்திவிட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வேறெங்கோ ஒரு சுவரில் அவருக்கும் ஒரு வெறுமை இருந்திருக்கலாம்.

எனக்குப் பதைப்பு வேறு. நான் அப்போது பருத்தித்துறையில் தவம் அண்ணையின் வண்டிக் கொட்டிலில் இருந்தேன். வன்னிக்கு விறகுக்குப் போனவர் காய்ச்சலோடு திரும்பி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே கட்டில் இருந்தது, மருந்துக் குளிசை இல்லை. அவர் மனைவி பூமணி அக்கா வேர்க் கசாயத்தைப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தா. நான் கிண்டிய வேர். சைக்கிளை நேரே ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன்.

"அண்ணை, உதைக் குடியாதேங்கோ."

"ஏன்ரா, நீதானே கிண்டிக்கொண்டு வந்தனி?"

"மிஸ் சொல்லுறா."

"நஞ்சாமோ?"

"தெரியாதாம்."

"பிறகென்ன?"

"உதைப்பற்றி எழுதினவை நிப்பாட்டிட்டினமாம், இப்ப கடதாசியிலை ஒண்டும் இல்லையாம். அதுதானாம் பயம்."

தவம் அண்ணை சிரித்து, இருமி, பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டார். "கேட்டியளே? கடதாசியிலை ஒண்டும் இல்லாட்டி நான் சாவனாம். என்ரை மாட்டைப் பற்றியும் கடதாசியிலை ஒண்டும் இல்லை. அது வைக்கல் திண்டுகொண்டு சுகமா நிக்குது."

பிறகு சிரிப்பு அடங்கியது. "டேய், காய்ச்சல் கொல்லுமெண்டு எனக்குத் தெரியும். வன்னியிலை பக்கத்திலை படுத்தவன் எழும்பேல்லை. உது கொல்லுமெண்டு உன்ரை மிஸ்சுக்கே தெரியாது. நான் எதை விட?"

மூத்திர நிறத்தைச் சொன்னேன்.

"அதை ஆர் பாக்கிறது? எனக்கு எழும்பேலாது. ஆஸ்பத்திரிப் பெடியள் மூத்திரச் சட்டியைக் கொண்டுபோய் ஊத்திப்போட்டு வாறாங்கள். நீ பாத்துச் சொல்லு, அப்ப யோசிப்பம்."

இதெல்லாம் இப்போது எங்கே? தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க வெளியேறியபோது மிஸ்ஸும் போனார். எந்தத் திசை என்று இன்றுவரை தெரியாது. வெகுகாலம் கழித்து அந்தக் கொக்குவில் வீட்டுப் பக்கம் போனேன். பியானோ இல்லை, கூரை இல்லை. அட்டைகளைக் கறையான் தின்றுவிட்டது. பசை பட்ட சதுரங்கள் மட்டும் சுவரில் வரிசை வரிசையாக நின்றன. ஒரு வரிசை பாதியில் நின்றது. வேர் கிண்டிய காணிகளில் வீடுகள் வந்துவிட்டன. தபாலட்டை போட்டுக் கட்டுரை கேட்கிற வழக்கமும் போய்விட்டதாம். தோற்றதை இப்போதாவது அச்சில் போடுகிறார்களா என்று விசாரிக்க எனக்கு ஆள் இல்லை.

தவம் அண்ணை அப்படிச் சொன்னதற்கு அடுத்த நாள் காலை, ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸைப் பிடித்து வேலை கேட்டேன். "சம்பளம் கேக்கக்கூடாது. மத்தியானம் கஞ்சி தருவம். சட்டி கழுவுவீரோ?" என்றார். ஓம் என்றேன். எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

தவம் அண்ணையின் சட்டியை வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். பால் விடாத தேத்தண்ணி.

"மலேரியா முத்தினாலும் உப்பிடித்தான் போகும்," என்றார் நர்ஸ், பின்னால் நின்று.

"அப்ப எப்பிடிப் பிரிச்சு அறியிறது?"

"ரத்தம் சோதிக்கோணும். சோதிக்கச் சாமான் வரோணும். கெதியாக் கழுவும், மற்றச் சட்டியள் காத்துக் கிடக்குது."

உள்ளே போனேன். "என்ன நிறமடா?" என்றார் தவம் அண்ணை.

"கறுப்பு. காய்ச்சலுக்கும் அப்பிடி வருமாம், அண்ணை."

பூமணி அக்கா போத்தலோடு நின்றா.

"எத்தினை பேர் நிப்பாட்டினவையாம்?"

"எல்லாரும்."

"எல்லாரும் விசரரா இருக்கேலாது," என்று சொல்லிவிட்டு, மனைவியின் கையிலிருந்த போத்தலை வாங்கி என்னிடம் நீட்டினார். நான் அதைச் சட்டியோடு சேர்த்து ஊற்றிக் கழுவினேன். மற்றச் சட்டிகளையும் கழுவி முடித்துத் திரும்பி வந்தபோது பூமணி அக்கா, பின்னேரம் வரப்போகும் காய்ச்சல் குளிருக்காக, வீட்டிலிருந்த சாக்குகளையெல்லாம் கொண்டுவந்து அவர் காலடியில் மடித்துக்கொண்டிருந்தா.