வாசலில் நின்ற ஐந்து நிமிடம்

“ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்ம்மா!” சாத்திய அறைக்குள்ளிருந்து மகள் கத்துகிறாள். எனக்கோ என் பழைய குரல் கேட்கிறது.

தஞ்சாவூர் ஹாஸ்டலில் சேர்ந்த மூன்றாம் மாதம், அப்பா தூக்குவாளியோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். ரிங்பால் ஆடிக்கொண்டிருந்த நான், தோழிகள் காதில் விழட்டுமென்று, “ஃபைவ் மினிட்ஸ்ப்பா!” என்று வீசினேன்.

நன்னிலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அன்று சாயங்காலம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. அவர் போய் மடையைத் திறக்காவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும், நட்ட பயிர் காயும். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் இன்னொரு ஆட்டம், அப்புறம் இன்னொன்று. வேப்பமர நிழல் அவரை விட்டு நகர்ந்து போயிற்று, அவர் நகரவில்லை.

நான் போனபோது வாளியில் கொழுக்கட்டை சில்லிட்டிருந்தது.

“முறை போயிருக்குமேப்பா?”

“போயிருக்கும். ஒங்க ஊரு அஞ்சு நிமிஷம் ரொம்ப நீளம்மா” என்று சிரித்தார்.

அந்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார். அன்றைக்குத் திட்டியிருந்தாலாவது இத்தனை வருஷத்தில் மனசு ஆறியிருக்கும். பஸ்ஸுக்குக் கிளம்பியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

“கையெல்லாம் மண்ணா இருக்கு பாப்பா. கழுவிட்டுச் சாப்புடு.”