தீர்க்க காலம்

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்தபோது எனக்கு மலையாளம் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் புத்தியும் கிடையாது. பாதி தமிழ்தானே, இதில் என்ன வித்தை என்று நினைப்பு. சாலை என்கிற கடைத்தெருவிலும் எங்கள் தெருவிலும் தமிழே போதுமாக இருந்ததால் அந்த நினைப்பு கெடாமலே இருந்தது.

என் வீட்டுக்காரர் சாலையில் ஒரு அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமான சமயத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. மண்டித் தூசி என்றார்கள். பிறகு இருமலோடு ரத்தம் வந்தது. சயரோகம் என்று ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "தீர்க்ககாலம் இவிடெக் கிடக்கேண்டி வரும்."

இவிடெ என்றால் இங்கே. கிடக்க என்பது நம் கிடக்கதான். தீர்க்க என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நோயைத் தீர்க்க, பசியைத் தீர்க்க என்று நாம் சொல்வதுதானே. தீர்க்கிற காலம்வரை இங்கே கிடக்கட்டும், தீர்த்து அனுப்புகிறோம் என்கிறார். வராந்தாவுக்கு வந்ததும், "தீர்த்துருவாங்களாமே" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆமா, தீர்த்துருவாங்க" என்றார்.

பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் வந்து, அவர் குணமாகும்வரை எங்களோடு வந்து இரு என்று கூப்பிட்டான். டாக்டரே வாய்விட்டுச் சொன்ன பிறகு நான் எதற்கு வரவேண்டும் என்று விரட்டாத குறையாக அனுப்பினேன். தீபாவளிக்கு வந்துவிடுவார் என்று மாமியாரிடம் சொன்னேன். பிறகு பொங்கலுக்கு என்றேன். ஞாயிறுதோறும் தம்பானூரில் பஸ் பிடித்துப் போவேன். ஒவ்வொரு முறையும் சட்டை அவருக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு ஞாயிறு திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து வீட்டு மலையாள டீச்சர் அருகில் உட்கார்ந்தாள். டாக்டர் என்னதான் சொல்கிறார் என்று கேட்டாள். எனக்கும் மலையாளம் வரும் என்று காட்டும் ஆசையில் அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்து, அர்த்தமும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "அதில்லா. தீர்க்கம்னா நீளம். ஒருபாடு நாள், ரொம்ப நாள்" என்றாள்.

எனக்குத் தெரியாத சொல்லும் இல்லை அது. தீர்க்காயுசாக இரு என்று குழந்தையை வாழ்த்துகிறோம். தீர்க்கசுமங்கலியாக இரு என்று மணமேடையில் என்னையே எத்தனை பேர் வாழ்த்தினார்கள். இருந்த இரண்டு அர்த்தத்தில் எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன். குணமாகும் என்று டாக்டர் சொல்லவே இல்லை. பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அழுதேன், வெட்கம்கூட வரவில்லை.

அடுத்த ஞாயிறு கோபத்தோடுதான் போனேன். அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர், மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அன்றைக்கே அவருக்குப் புரிந்திருக்கும். "என்னை ஊரெல்லாம் பொய் சொல்ல வச்சிட்டு நீங்க பேசாம படுத்திருக்கீங்க" என்றேன்.

இருமல் அடங்கும்வரை காத்திருந்து சொன்னார்: "உன் அர்த்தம் நல்லாயிருந்துது. அதையே நானும் வச்சுக்கிட்டேன்."

அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பார்க்கிற நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகும் எழவில்லை.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் அவர் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள், நீண்ட நாள் படுக்கையில் கிடந்து அவதிப்படாமல் போய்ச் சேர்ந்தாரே என்று ஆறுதல் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் சொன்ன அந்த நீண்ட காலத்தையாவது எங்களுக்குக் கொடுத்திருக்கலாம். அவர் பாட்டுக்குக் கிடந்திருப்பார், நான் ஞாயிறுதோறும் பஸ் ஏறியிருப்பேன்.