சாம்பிராணி குடித்த ஏசி

கனடாவிலிருந்து தன் அக்கா குடும்பம் வருகிறது என்றுதான் என் கணவர் நடு அறைக்கு ஏசி பூட்டினார். அவர்கள் போன பிறகு, எங்கள் ஊர்க் கோப்பாய்ச் செம்மண் புழுதி படாமல் இருக்கட்டும் என்று எங்கள் ஏழு வயது மகளை அந்த அறையில் படுக்க விட்டோம். யன்னல்களைச் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் பழைய சீலையைச் செருகி, குளிர் கொஞ்சமும் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டோம். சில மாதங்களில் அவளுக்கு மூச்சுத் திணறி முட்டு இழுக்கத் தொடங்கியது.

பிள்ளையின் மூச்சைப் பிடித்தது யார் என்ற விசாரணை வீட்டில் ஆரம்பமானது. முதலில் அகப்பட்டது என் மல்லிகை. பூந்தூள் ஆகாதாம். நான் பார்த்துக்கொண்டிருக்கவே அதை அடியோடு வெட்டிப் போட்டார். பதிலுக்கு நான் அவருடைய கோழிக்கூட்டை உதைத்து உடைத்தேன். இறகு மட்டும் ஆகுமா? பூனையைத் தடியால் அடித்துக் கலைத்தோம், அதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை. ஒரு நாள் சட்டி ஒன்று பறந்துபோய்ச் சுவரில் மோதி நெளிந்தது. எறிந்தது நான்தான்.

முட்டு கூடக் கூட, இது நாவூறு என்றார் அவர். ஏசி வீடென்று ஊர் கண் வைத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை மட்டும் காட்டிய சாம்பிராணியைச் செவ்வாயிலும் காட்டத் தொடங்கினார். புகை வீணாகக் கூடாதென்று கதவைச் சாத்தி, ஏசியையும் ஓடவிட்டு, அதற்கு நேரே தட்டை உயர்த்திச் சுற்றுவார். பிள்ளை கட்டிலில் இருந்து இருமும்.

"நாவூறு கழியுது," என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளுடைய உதடு நீலமாகிவிட்டது. ஓட்டோவில் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை பிடித்த பிறகுதான் மூச்சுத் திரும்பியது. வாயில் வைத்து மருந்தை இழுக்கும் பம்ப் ஒன்றையும் தந்து, அதைப் பிடிக்கும் முறையை நேர்ஸ் அவளுக்கே சொல்லிக்கொடுத்தாள்.

"வீட்டிலை ஏசி இருக்கோ? கடைசியா எப்ப கழுவினனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"அது புது மெஷின், டொக்டர். நாங்கள் கையே வைக்கிறேல்லை," என்றார் இவர், பெருமையாக.

வீட்டுக்கு வந்ததும் மகளை விறாந்தையில் படுக்க வைத்துவிட்டு, கதிரையில் ஏறி மெஷினின் மூடியைத் திறந்தேன். உள்ளே காற்றை வடிக்கும் வலை தெரியவே இல்லை. சாம்பிராணி மணக்கும் கறுப்பு ஊத்தை, தடிப்பாக, பிசுபிசுவென்று அதை மூடியிருந்தது. என் பிள்ளை இத்தனை மாதமும் இதைத்தான் குடித்திருக்கிறாள். யாரையாவது கொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் சாம்பிராணித் தட்டோடு உள்ளே வந்தார்.

"இறங்கும் கீழை! உமக்கென்ன விசரே?"

வலையை இழுத்தெடுத்து இரண்டு கையாலும் அவர் முகத்தில் அறைந்தேன். தட்டு விழுந்து தணல் சீமெந்தில் சிதறியது. அவர் என் கொண்டையைப் பிடித்துக் கதிரையிலிருந்து இழுத்தார். நான் அவர் கையைக் கடித்தேன், இரத்தம் வரும்வரை விடவில்லை. பிறகு அவராகவே பிடியை விட்டார். வலையின் ஊத்தை அவர் தொண்டையில் இறங்கிவிட்டது. குனிந்து, கண் பிதுங்கி, மூச்சு எடுக்க முடியாமல் இருமினார்.

"இருமுங்கோ! என்ரை பிள்ளை இருமினமாதிரி நல்லா இருமுங்கோ!" என்று கத்தினேன். கொலைவெறியிலும் மரியாதை விடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. தணலைத் தாண்டிப் போய், கையிலிருந்த தன் மருந்துப் பம்பை அவருடைய வாயில் வைத்தாள்.

"அப்பா, உள்ளை இருக்கிற மூச்சை முதல் விடுங்கோ. இப்ப இழுங்கோ. வாயைத் திறக்காதேங்கோ, பத்து மட்டும் எண்ணுங்கோ."

அவர் முதுகைத் தடவிக்கொண்டே அவளும் கூட எண்ணினாள். பிறகு அவருடைய காதருகே சொன்னாள்.

"பயப்பிடாதேங்கோ அப்பா. சாகிறமாதிரித்தான் இருக்கும். எனக்கும் ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான்."