அந்தோணியாருக்கு ஒரு சிப்பம்

கட்டுமாவடியில் கருவாட்டு வியாபாரம் செய்த ஆரோக்கியம்மாளுக்குக் கடல் மேல் பயமில்லை. பாங்கு மேல்தான் பயம். கொழும்பு வியாபாரி ரத்தினவேல் சரக்குக்கு நேராகப் பணம் அனுப்ப மாட்டார். தம் பாங்கு வழியாக ஓர் உறுதிக் கடிதம் அனுப்புவார். அதில் சொன்னபடி சரக்கு தோணி ஏறியதாகக் காகிதம் காட்டினால், புதுக்கோட்டைப் பாங்கில் பணம். சொன்னபடி என்றால் அச்சு அசலாகச் சொன்னபடி. ஒரு வருஷம் பெரிய வெள்ளியன்று சரக்கேற்ற மாட்டேன் என்று மறுநாள் ஏற்றினார்; கெடு தாண்டிவிட்டதென்று காகிதம் திரும்பி வந்தது. ஆண்டவர் பாடுபட்ட நாளாயிற்றே என்று பாங்கு அதிகாரியிடம் எடுத்துச் சொன்னார். அவர் நல்ல மனிதர், எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். பணம் மட்டும் தரவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷத் தவக்காலத்தில் வந்தது வேறு வம்பு. சரக்கு அனுப்பும்போதெல்லாம் ஒரு சிப்பம் கருவாடு கூடுதலாகக் கட்டி, கொழும்பு அந்தோணியார் கோயில் ஏழைகளுக்கென்று தோணியில் வைப்பது அவர் வழக்கம். தோணியை நடத்தும் பழைய தண்டல் அதை எழுத்தில் சேர்ப்பதில்லை. அந்தமுறை வந்தவர் புதுத் தண்டல் ஆவுடையப்பன். கடிதத்தில் இருந்தது நாற்பது சிப்பம். அவர் எண்ணிப் பார்த்து, நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

பாங்கு அதிகாரி காகிதத்தை நகர்த்தி வைத்தார்.

“ஒண்ணு கூட இருக்கே, யாருக்கு?”

“அந்தோணியாருக்குங்க.”

“கடுதாசியில அவர் பேர் இல்லையேம்மா.”

கூடுதலாகக் கொடுத்தால் யாருக்கு நஷ்டம் என்று இவர் கேட்டார். கூடினாலும் குறைந்தாலும் பொருந்தாதது பொருந்தாததுதான் என்றார் அவர். மீன் கீறி உப்பிட்டுக் காயவைத்த பெண்களுக்கு, உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவுக்கு முன் கூலி தருவதாக ஆரோக்கியம்மாள் வாக்குக் கொடுத்திருந்தார். இந்தப் பணம் வராவிட்டால் அவர்கள் வீட்டில் திருநாள் இல்லை.

காகிதத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார். நல்லவேளை, தோணி காற்றுக்காகக் காத்துக் கிடந்தது. வள்ளத்தில் ஏறிப் போய், நாற்பது என்று மாற்றித் தரும்படி தண்டலைக் கெஞ்சினார்.

“ஏறுனது நாப்பத்தொண்ணு ஆத்தா. கொறச்சு எழுதினா நடுக்கடல்ல எனக்குத் தூக்கம் வராது.”

“அப்ப அந்த ஒண்ணை எறக்கிருவோமா?”

“சாமிக்கு ஏத்துனதை எறக்குனா காத்தே வராது.”

ஆவுடையப்பன் கும்பிடுவது அய்யனாரை. அந்தோணியாரை விட்டுக்கொடுக்க அவருக்கும் மனமில்லை. பேசிப் பேசி ஒரு வழி பிறந்தது. பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டு இரண்டாக எழுதினார்கள். நாற்பது சிப்பம் ரத்தினவேலுக்கு. தனிக் காகிதத்தில் ஒரு சிப்பம். பெறுபவர் அந்தோணியார், கொழும்பு.

மறுநாள் அதிகாரி முதல் காகிதத்தை வரி வரியாகப் பார்த்து, சரி என்றார். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த இரண்டாவதையும் படித்தார்.

“இதுக்குப் பணம் யாரு தருவா?”

“அவரு முன்னாலேயே குடுத்துட்டாருங்க.”

அதிகாரி அதை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

பெரிய சனிக்கிழமை காலையில் பெண்களுக்குக் கூலி கிடைத்தது. செவந்தி மட்டும் வாங்கியதை முந்தியில் முடிந்துகொண்டு, அந்தோணியார் சிப்பத்துக்கும் தான்தான் உப்புப் போட்டதாகவும், அதற்கும் கூலி சேர்ந்திருக்கிறதா என்றும் விசாரித்தாள். சேர்த்துத்தான் கொடுத்திருந்தார்.