பத்தொன்பதாவது வரி

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போ குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டு வரவேற்பறையில் நான் கம்ப்யூட்டர் மேதையாக இருந்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால், போகிற இடமெல்லாம் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிவியில் மாட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர். எழுதியதைச் சேர்த்துவைக்க ஒரு கேசட் ரெக்கார்டர். வேலைவிட்டு வந்ததும் தினமும் ஒரு மணி நேரம், ஆங்கிலப் பத்திரிகையில் வரும் புரோகிராம்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டுவேன். முடித்ததும் நோட்டில் என் முன்னேற்றத்தை எழுதுவேன்: ‘இன்று நாற்பது வரி.’ புரிந்தது எத்தனை வரி என்று ஒரு நாளும் எழுதியதில்லை. டிவி பார்க்க முடியாத கடுப்பில் மனைவி பக்கத்தில் நிற்பாள்.

“இன்னைக்கு என்ன கத்துக்கிட்டீங்க?”

“நாப்பது வரி.”

“சரி, அந்த நாப்பது வரி என்னதான் சொல்லுது?”

“அது கம்ப்யூட்டருக்குத் தெரியும்லா.”

பத்திரிகையில் வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் போட்டிருப்பார்கள். அந்த எண் வரிசைப்படிதான் கம்ப்யூட்டர் ஓடும். எனக்கு அது பிடிக்கவில்லை. எழுபதுகளில் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. விடிவதற்கு முன் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களைப் பேர் கூப்பிட்டுச் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் குறிக்கிற வேலை. நடுவில் ஓர் எண்ணைக் காலியாக விட்டால், இல்லாத ஆளை நுழைக்கப் பார்க்கிறான் என்று தோட்டத் துரை முறைப்பார். அந்தப் பழக்கத்தில் கம்ப்யூட்டரிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நெருக்கிப் போட்டேன். பத்திரிகைக்காரனையே திருத்திவிட்டதாகப் பெருமை வேறு.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் சபையில் கேரல் பாடப் போகும்போது யார் வீட்டுக்கு முதலில் போவது என்று வருஷா வருஷம் மனஸ்தாபம். நான் எழுந்து, “கம்ப்யூட்டரே வரிசை போடும். அதுக்கு மாமன் மச்சான் கிடையாது” என்றேன். சபையே கைதட்டியது.

வரிசைப்படுத்தும் புரோகிராம் எழுத எனக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளில் எங்கள் குடியிருப்பான தாமானைச் சுற்றிவந்து பதினெட்டு வீடுகளையும் பாதை வாரியாகத் தாளில் எழுதினேன். அதை அப்படியே, ‘இதைக் காட்டு, அதைக் காட்டு’ என்று பதினெட்டு வரியாகத் தட்டினேன். டிவியில் பளிச்சென்று வந்தது. பிரிண்டர் இல்லாததால் டிவியைப் பார்த்து மறுபடியும் தாளில் எழுதிக்கொண்டேன். தாளில் இருந்தது விஞ்ஞானம் வழியாகத் தாளுக்கே வந்து சேர்ந்தது.

இரண்டு நாள் முன்னால் பாடகர் குழுத் தலைவி அக்கா வந்தார். “தம்பி, மூணாவது வீட்டுக்குப் பக்கத்துல ஒரு குடும்பம் புதுசா வந்திருக்கு. தோட்டத்துல இருந்து வந்தவங்க. பேரை ஏத்திடுப்பா.”

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் எந்த எண்ணைப் போடுவது? பத்திரிகைக்காரன் ஏன் பத்துப் பத்தாகத் தாண்டினான் என்பது அப்போதுதான் உறைத்தது. பதினைந்து வரியைத் திரும்பத் தட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. நான் கடைசியில் பத்தொன்பது என்று போட்டு முடித்துவிட்டேன். அந்தப் பெயரைத் தட்டும்போதே தெரிந்தது, பீடோர் தோட்டத்தில் என் செக்ரோலில் இருந்த, பால்மரம் சீவும் பெண்தான் அவள்.

கேரல் அன்று சாயங்காலம் மூன்றாவது வீட்டை விட்டு வெளியே வந்தோம். பக்கத்து வாசலில் நட்சத்திர விளக்கு எரிந்தது. அவளும் புருஷனும், புதுச்சட்டை போட்ட இரண்டு பிள்ளைகளும் கேட்டைத் திறந்துவைத்து நின்றார்கள்.

“இந்த வீடுதானே?” என்றார் அக்கா.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வரிசை கலைந்தால், ‘அப்போ உன் கம்ப்யூட்டர் என்னத்தைப் போட்டுச்சு?’ என்று எவனாவது கேட்பான்.

“கம்ப்யூட்டர் கடைசியில போட்டிருக்கு அக்கா. மாத்தக் கூடாது.”

“மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்லா” என்றான் கித்தார்க்காரன். கையை ஆட்டிவிட்டு அந்தக் கேட்டைத் தாண்டிப் போனோம். பிள்ளைகளும் கையை ஆட்டினார்கள்.

பதினெட்டாவது வீடு சுண்ணாம்பு மலை அடியில், தாமானின் மறுகோடியில். அங்கே பாடும்போது மழை கொட்டியது. போதகர் ஜெபம் பண்ணி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். மழை அவசரத்தில் வேறு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ‘இன்னும் ஒரு வீடு இருக்கு’ என்று சொல்ல வேண்டிய நான், தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

“வாங்க கிராணியாரே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். முறுக்கும் தேநீரும் வந்தன. முந்தின நாள் எங்கள் கூட்டத்துக்காகச் சுட்ட முறுக்கு. ஒரு டின் நிறைய இருந்தது. “புள்ளைங்கதான் தூங்கவே மாட்டேன்னுச்சுங்க. பெரட்டுல நீங்க எங்க பேரை ஒரு நாளும் விட்டதில்லையே. இங்க என்ன ஆச்சு?”

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தேன்.

“கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிடுச்சும்மா.”

அவளுக்கு அதன்மேல் இரக்கம் வந்துவிட்டது. “ஐயோ, பாவம். அதுவும் புதுசுதானே? போகப் போகக் கத்துக்கும். திட்டாதீங்க.”

“சரிம்மா” என்றேன், வாய் நிறைய முறுக்கோடு.