பாதியில் நின்ற காதுகுத்து

அபுதாபியில் நான் முடிவெட்டிக்கொள்ளும் சலூனில் ஆள் மாறும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். வலது காதில் துளை இருக்கிறதே, இடது காதில் ஏன் இல்லை? இளமையில் ஏதோ கலகம் செய்தவன் என்று நினைத்து, கேட்பவர் முகத்தில் லேசான மரியாதை தெரியும். தொப்பையும் வழுக்கையுமாக உட்கார்ந்திருக்கும் வயதில் கிடைக்கும் மரியாதையைக் கெடுப்பானேன் என்று சிரித்து வைப்பேன். உண்மையான காரணம் நுரையீரல். என்னுடையது அல்ல, காட்டுச் செம்மறிகளுடையது. கழுத்தில் துணி போர்த்திக்கொண்டு இதை விளக்குவது சிரமம்.

அல் ஐனுக்கு வெளியே, மலையடிவாரத்தில், பெரிய வீட்டு அரபி ஒருவர் காட்டு விலங்குகளை வேலி போட்டு வளர்த்துவந்தார். அப்பாவுக்கு அங்கே மேற்பார்வை வேலை. எங்கேயோ குளிர்ந்த மலைகளிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய காட்டுச் செம்மறிகள்தான் அந்த இடத்தின் பெருமை. சுருண்ட கொம்பும், எதிரில் நிற்பவரை மனிதனாகவே மதிக்காத பார்வையும் கொண்டவை. செங்குத்துப் பாறையில் நிற்கும்; ஆனால் ஊர் ஆடு ஒன்று பக்கத்தில் வந்து தும்மினால் போதும், படுத்துவிடும். ஊர் ஆட்டின் மூக்கில் கிருமி வாடகையில்லாமல் குடியிருக்குமாம், அதற்கு ஒரு கெடுதலும் இல்லையாம். காட்டு ஆட்டுக்குள் போனால் அதுவே நுரையீரலைத் தின்று, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றி, மந்தையையே சாய்த்துவிடுமாம். இதைச் சொன்ன வெள்ளைக்கார டாக்டர் ஒரு சட்டம் போட்டார். ஆட்டோடு புழங்குகிறவர்கள் வேலிக்குள் வரக்கூடாது. உள்ளே வேலை செய்கிறவர்கள் அப்படிப்பட்டவர்களோடு புழங்கக்கூடாது. வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய ட்ரே இருக்கும். செருப்பை அதில் நனைத்துவிட்டுத்தான் எவரும் நுழையலாம்.

அப்பா எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு ட்ரே வைத்துவிட்டார். மளிகைக்கடை ஆள் காலை நனைத்துக்கொண்டுதான் தயிர் கொடுத்தார்.

சிக்கல் என்னவென்றால், அம்மாவின் ஒரே தம்பி சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மஸ்ராவில், அதாவது அரபியின் தோட்டத்தில், வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விசா பிடித்துக் கொடுத்தவரே அப்பாதான். சட்டம் பிறகுதான் வந்தது. இவ்வளவு பக்கத்தில் தம்பி இருந்தும் ஒருவேளை சோறு போட முடியவில்லை என்பது அம்மாவின் தீராத குறை. அதைவிடப் பெரிய குறை என் காது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். நாங்கள் ஊருக்குப் போகும்போது மாமாவுக்கு லீவு கிடைக்காது, மாமாவுக்குக் கிடைத்தால் அப்பாவுக்குக் கிடைக்காது. நான் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு வரை போய்விட்டேன். இனி பொறுப்பதில்லை, இங்கேயே குத்துவது என்று அம்மா தீர்மானித்தாள்.

அப்பாவும் மாமாவும் கல்யாணச் சம்பந்தம் பேசுவதுபோல் தொலைபேசியில் பேசினார்கள். நகம் வெட்டியாச்சா என்று அப்பா விசாரித்ததை என் காதாலேயே கேட்டேன். மாமா ஆடுகளைக் கூட வேலை பார்க்கும் பாயிடம் ஒப்படைத்துவிட்டு, கொஞ்ச நாள் மோட்டார் ரூமில் தனியாகக் கிடந்தார். பிறகு மொட்டை அடித்து, புதுச் சட்டையும் புதுச் செருப்புமாக, பெண் பார்க்க வந்தவரைப்போல் வந்து சேர்ந்தார்.

அவர் மடியில் உட்கார்ந்தபோது ஆட்டு வாடை அடிக்கும் என்று எதிர்பார்த்தேன். டெட்டால் வாசனைதான் அடித்தது. கடைத்தெருவிலிருந்து வந்த ஆசாரி வலது காதை முடித்தார். நான் வாயைப் பிளந்து அழுதேன். என் அழுகைக்கு, வெளியே நின்ற பிக்கப் வண்டியிலிருந்து ஒரு பதில் வந்தது. தெளிவான, இளமையான "ம்மே".

"அது சீரு மச்சான்," என்றார் மாமா வெட்கத்தோடு. "காதுகுத்துக்குக் கெடா இல்லாம எப்பிடி வர்றது? நான் ஒரு வெரலு வைக்கல. பாய்தான் ஏத்திவிட்டாரு."

"ஒரே வண்டியிலதான வந்தீங்க மாப்ள?"

"நான் முன்னால உக்காந்தேன். அது பின்னாலல்ல நின்னுச்சு."

அப்பா சுவரோரமாகப் பின்வாங்கினார். டாக்டர் கேட்டால் பொய் சொல்ல வராது அவருக்கு. மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு, எங்கள் யாரையும் தொடாமல், வேலியடியில் இருந்த தொழிலாளர் கேம்புக்குப் போய்விட்டார். ஆசாரி ஊசியோடு நின்றார். தகப்பன் இல்லாத இடத்தில் குத்தக் கூடாது என்று மாமா எழுந்துவிட்டார். குட்டியோடு வண்டி கிளம்பும்போது இலையில் அவருக்குப் போட்ட சோறு அப்படியே இருந்தது.

"அந்தச் சோத்தையாச்சும் தின்னுட்டுப் போயிருக்கலாம்," என்றாள் அம்மா, இலையைப் பார்த்து.

அப்பாவுக்கு எங்களைவிட அந்தக் கொம்பு ஆடுகள்மேல்தான் பிரியம் என்று நான் முடிவுகட்டினேன். எங்கள் மூவரின் விசாவும் அவற்றின் நுரையீரலில்தான் இருந்தது என்பது எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

அப்பா வீடு திரும்பி, கோபங்கள் கொஞ்சம் ஆறிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, என்னைக் குளிப்பாட்டி, காலை நனைத்து, தான் வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போனார். வேலிக்கு வெளியே நின்று செம்மறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது முதலாளியின் மகன் வந்தான். என் வயதுதான். கையில் ரிப்பன் கட்டிய ஊர்ச் செம்மறிக் குட்டி. அதை உள்ளே இருக்கும் பெரிய செம்மறிகளிடம் காட்ட வேண்டுமாம். அப்பா அரபியில் பணிவாக என்னவோ சொன்னார். கூட வந்த டிரைவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார். அப்பா சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்டார். மருந்துத் தண்ணீரில் யார் காலும் நனையவில்லை. குட்டி துள்ளிக்கொண்டு ஓடி, ஒரு கிழட்டுக் கொம்பனோடு மூக்கை உரசியது. பெரிய வீட்டு ஆட்டுக்கு நோய் வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு செம்மறிகள் இருமத் தொடங்கின. வெளியாள் யாராவது வந்தார்களா என்று டாக்டர் கேட்க, இல்லை என்றாராம் அப்பா. முதலாளி மகன் வெளியாள் இல்லையே. கோடை முடிவதற்குள் வேலி காலி, நாங்களும் ஊருக்குப் பெட்டி கட்டினோம். மாமாவின் வெள்ளாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை திரும்பும் வழியில் அப்பா மஸ்ராவின் ஓரம் வண்டியை நிறுத்தி, இறங்கிக் கம்பி வேலியை நோக்கி நடந்தார். உள்ளே ஆடுகளுக்கு நடுவில் நின்ற மாமா அவரைக் கண்டதும் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் பின்னால் போனார்.

"கிட்ட வந்துறாதீங்க மச்சான். காலையிலேர்ந்து ஆட்டோடதான் கெடக்கேன்."

அப்பா நின்றுவிட்டார். குட்டிதான் உள்ளே போய்விட்டதே, இனிமேல் வரலாம் என்று சொல்லவில்லை. என் இன்னொரு காதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார், காற்றில் அது மாமாவுக்குக் கேட்கவில்லை. அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு மாமா ஆடுகளை இன்னும் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் ஓடிப்போய் நான்தான் முதலில் சொன்னேன். மாமாவுக்கு நம்மேல் கோபம், வேலிப்பக்கம் வரவே மாட்டேன் என்றுவிட்டார் என்று. அம்மா வாசலைப் பார்த்தாள். அப்பா அதைத் திருத்தாமல் ட்ரேயில் நின்று வெகுநேரம் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தார்.