ஒன்பதாயிரம் அடியில் ஒரு பொட்டு

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பழைய இரும்புக் கடை ராவுத்தர் எங்கள் கடைக்கு ஒரு கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார்.
2. அது கடிகாரம் இல்லை.
3. ஆயுத பூஜை அன்று மத்தியானம், கடையில் மின்சாரத்தை நிறுத்தியிருந்த நேரத்தில், அதன் முட்கள் தாமாக நகர்ந்தன.
4. அவை நகர வழியே இல்லை என்பது சில மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் இரண்டை யாரும் நம்புவார்கள். மூன்றாவதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை, நான்காவது வரும் வரை இருந்து கேட்டால் போதும்.

எனக்கு இப்படிப்பட்ட விஷயங்களில் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. பாலிடெக்னிக்கில் ரேடியோ படித்தவள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவரைத் தொட்டால் சாமி கையை இழுக்கிறது என்று கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நான் போய் ஈரச் சுவருக்குள் வயர் உரிந்திருப்பதைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தேன். சாமி போய்விட்டது என்று அந்த வீட்டுக்காரம்மாவுக்கு என்மேல் கொஞ்சம் மனத்தாங்கல்கூட உண்டு.

அப்பா விமானி. சரக்கு ஏற்றும் டக்கோட்டா விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். கண் பரிசோதனையில் தேறவில்லை என்று தரையில் இறக்கிவிட்டார்கள், அதன் பிறகு திண்டுக்கல் நாகல் நகரில் ரேடியோ கடை போட்டார். படிப்பு முடித்து நானும் அங்கேயே உட்கார்ந்தேன். "பொம்பளப்புள்ளையா தொறந்து பாக்குது?" என்று ரேடியோவை மடியிலேயே வைத்துக்கொண்டு அப்பா வரும்வரை காத்திருந்தவர்கள் உண்டு. அப்பா வந்து அதை வாங்கி என்னிடமே கொடுப்பார்.

அப்பாவோடு ஓட்டிய இரண்டு பேர் கொடைக்கானல் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மூன்று பேரும் பேசுவது அவரவர் ஓட்டிய விமானங்களைப் பற்றித்தான். கட்டிக்கொடுத்த பெண்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். என்னோடவ சிலோன் பக்கம் போயிட்டா என்பார் ஒருவர். இன்னொருவருடையதை உடைத்து உருக்கிவிட்டார்களாம். அன்றிலிருந்து அவர் எந்த வீட்டில் அலுமினியக் குண்டானைப் பார்த்தாலும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். அம்மா சிரித்துக்கொண்டே, அண்ணே, அது உங்க மகளா இருந்தாலும் எனக்குச் சோறு வடிக்க வேணும், வச்சிருங்க என்பார். அப்பா மட்டும் தன்னுடையதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

அதற்குக் காரணம் டேனியல். அப்பாவுக்கு உதவி விமானியாக இருந்தவர், திண்டுக்கல்காரர். அப்பா இறங்கியதும் அந்த விமானத்தை அஸ்ஸாம் பக்கத்து மலைகளுக்கு அரிசி கொண்டுபோகும் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள், டேனியல் அதோடு போனார். போகும்போது கல்யாண விஷயத்தில் தன் அம்மாவோடு சண்டை. வீட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை. முதலில் இவர் அவர் மூலம் செய்தி வரும், பிறகு அதுவும் நின்றுபோனது. அந்த மலைகளில் மேகத்துக்குள் போய்த் திரும்பாத விமானங்கள் உண்டு என்று அப்பாவுக்குத் தெரியும். அது விழுந்திருந்தால் டேனியலும் அதில்தான். டேனியலின் அம்மா ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து திரும்பும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று, "ஏதும் தெரிஞ்சுதா தம்பி?" என்று கேட்பார். அப்பா இல்லை என்று தலையை ஆட்டுவார். அந்த அம்மா போன பிறகு அவரால் சாப்பிட முடியாது.

இந்த நிலையில்தான் ராவுத்தர் வந்தார். பூட்டுப் பட்டறைகளுக்குப் பித்தளை எடை போட்டுக் கொடுப்பவர். வடக்கிலிருந்து வந்த லாரிச் சரக்கில் அது கிடந்ததாம்.

"நல்ல கடியாரம் பாப்பா, முள்ளுதான் ஓடல. எந்த ஊரு சாமானோ, ஒம்போதுக்கு மேல நம்பரே இல்ல. அந்த ஊருல யாருக்கும் மத்தியானச் சோறே கெடையாது போல."

நான் சிரிப்பதற்குள் அப்பா அதைக் கையில் வாங்கிவிட்டார். விமானம் எத்தனை அடி உயரத்தில் பறக்கிறது என்று காட்டும் ஆல்டிமீட்டர் அது. மேலே போகப் போகக் காற்று மெலியும், உள்ளே இருக்கும் காற்றுப் புகாத மெல்லிய தகட்டு டப்பி உப்பும், அது முட்களைத் தள்ளும். சின்ன முள் ஆயிரங்களைக் காட்டும், பெரிய முள் நூறுகளை. இரண்டும் பூஜ்யத்தில் நின்றிருந்தன. அப்பா கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்தார். ஒன்பது என்ற எண்ணுக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

அந்தப் புள்ளியின் கதை எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் ஆயுத பூஜைக்கு மெக்கானிக்குகள் கருவிகளுக்கெல்லாம் குங்குமம் வைப்பார்கள். மலையைத் தாண்டும்போது ஒன்பதாயிரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதால், வைக்கிற பொட்டை ஒன்பதுக்கு நேரே வையுங்கள், சாமிக்கும் ஆச்சு மலைக்கும் ஆச்சு என்று அப்பா சொல்லியிருக்கிறார். குங்குமம் உதிர்ந்துபோகிறது என்று பிறகு அவரே சிவப்புப் பெயிண்டில் வைத்தார்.

இது அப்பாவின் விமானத்தில் இருந்த ஆல்டிமீட்டர்தான். நான் பின்பக்கத்தைப் பார்த்தேன். திருகாணித் துளைகளில் கீறல் இல்லை, கண்ணாடியில் விரிசல் இல்லை. விழுந்து நொறுங்கிய விமானத்திலிருந்து பிய்த்து எடுத்தது அல்ல, யாரோ நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள். அப்படியானால் விமானம் தரையில் நின்று முடிந்திருக்கிறது, டேனியல் அண்ணன் இருக்கலாம் என்றேன். அப்பா கேட்டுக்கொண்டார். ஆனால் "இருக்கலாம்" என்ற சொல்லைக் கொண்டுபோய் ஒரு தாயிடம் கொடுக்க முடியாது என்றார். திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். ராவுத்தர் விஷயம் கேட்டதும், அது உங்க வீட்டுச் சாமான், நீங்களே வச்சுக்கங்க என்று எழுந்து போய்விட்டார்.

ஆயுத பூஜை வந்தது. அன்று கருவிகளுக்கு ஓய்வு, அதனால் மெயினை நிறுத்திவிட்டுத்தான் பூஜை. திருப்புளி, மீட்டர், சால்டரிங் அயன் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். அலமாரியில் இருந்த ஆல்டிமீட்டருக்கு அப்பாவே, பழைய புள்ளியின் மேலேயே, குங்குமம் வைத்தார். சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் தூங்கிவிட்டார். நான் பொரிகடலை பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். ஃபேன் இல்லை, தெருவில் லாரி இல்லை.

பெரிய முள் நகர்ந்தது.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு அது ஒரு சுற்றுச் சுற்றி முடித்தது, சின்ன முள் ஒன்றுக்கு வந்தது. அதிர்வில் துள்ளும் முள் எப்படித் துள்ளும் என்று எனக்குத் தெரியும், இது அப்படித் துள்ளவில்லை, சரக்கு ஏற்றிய விமானம் ஏறுகிற மாதிரி நிதானமாக, ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டே போனது. நான் எழுந்திருக்கவில்லை. பயம் என்று சொல்லமாட்டேன், எழுந்தால் நின்றுவிடுமோ என்று இருந்தது. நாற்காலியில் அப்பாவின் பாதங்கள் இரண்டும் மாறி மாறி லேசாக எதையோ அழுத்திக்கொண்டிருந்தன. சின்ன முள் குங்குமத்துக்கு நேராக வந்தபோது, அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"போதும் டேனியலு. நேராப் புடி."

முள் அங்கேயே நின்றது. ஒரு வீட்டில் சோறு வடித்து முடிக்கிற நேரம் நின்றிருக்கும். பிறகு ஏறிய அதே நிதானத்தில் இறங்கியது, இறங்கி ஓரிடத்தில் ஓய்ந்தது.

அப்பா விழித்ததும் நடந்ததைச் சொன்னேன். தூக்கத்தில் பேசியது அவருக்கு நினைவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே டேனியலின் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். ஆதாரமில்லாமல் எப்படி அப்பா சொல்லுவீர்கள், நாளைக்கு அவர் இல்லை என்று தெரிந்தால் அந்த அம்மா என்ன ஆவார் என்று வாசல்வரை போய்க் கேட்டேன்.

"நான் பாக்கல. நீ பாத்த. நீ பொய் சொல்றவ இல்லையே" என்றார்.

அந்த அம்மாவிடம் போய், உங்க மகன் இருக்கான் அக்கா, என்னைய நம்புங்க என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா எங்கள் வாசலில் நிற்கவில்லை. சிரித்துக் கையை அசைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு எனக்குத்தான் தூக்கம் போனது, ஏனென்றால் அந்த வாக்கு என் கண்ணை நம்பிக் கொடுத்தது.

டேனியல் அண்ணன் மாசி மாதம் வந்து சேர்ந்தார். மலைநாட்டு மனைவி, கையில் ஒரு பெண் குழந்தை. அவருடைய அம்மா கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுத்தான் சோறு போட்டாராம். மறுநாள் கடைக்கு வந்தவர் அலமாரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தப் பொணத்தையா கேப்டன் பூ போட்டு வச்சிருக்கீங்க? இதைக் கழட்டச் சொன்னதே நான்தான். உள்ள இருந்த டப்பியை உருவி வேற மீட்டருக்குப் போட்டுட்டாங்க. இது வெறுங்கூடு."

நான் திருப்புளியை எடுத்தேன். இந்த முறை அப்பா தடுக்கவில்லை. பின்மூடியைக் கழற்றினேன். தகட்டு டப்பி இருக்க வேண்டிய இடம் காலி. முட்களோடு சேர்ந்த பல்சக்கரம் மட்டும் இருந்தது, அதிலும் பழைய கிரீஸ் காய்ந்து பாறையாகியிருந்தது. சாய்த்தேன், குலுக்கினேன், ஊதினேன், விரலால் தள்ளினேன். அசையவில்லை.

ஆயுத பூஜை மத்தியானம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டில்தான் இருந்தேன், விமானத்தை விட்டு இறங்கியே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார். இதைக் கழற்றிய பிறகும் பல மாதம் அவர் அந்த விமானத்தை ஓட்டியிருக்கிறார், பிறகு அதை மறுபடியும் விற்றுவிட்டார்களாம்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அவ இன்னும் பறக்குறாளா?"

"தெரியல கேப்டன். யாரு வாங்கினாங்கன்னே தெரியல."

முட்கள் இறங்கி ஓய்ந்த இடத்தை அப்பா அப்போதுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். முந்நூற்று நாற்பது அடி. தான் இறங்கிய ஊர்களையெல்லாம் விரல் விட்டு எண்ணினார், ஒவ்வொன்றின் உயரமும் அவருக்கு மனப்பாடம். டேனியலும் எண்ணினார். இரண்டு பேரிடமும் அந்த உயரத்தில் ஊர் இல்லை.

"நாங்க போகாத ஊருல எறங்கியிருக்கா" என்றார் அப்பா. அவர் குரலில் வருத்தம் இருந்ததா சந்தோஷமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. டேனியல் அண்ணன் அம்மாவோடு இருக்கிறார், குழந்தை தமிழ் பேசுகிறது. ஆல்டிமீட்டர் கடை அலமாரியில் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை, மூடியைத் திருகி மூடிவிட்டேன். இரண்டு ஆயுத பூஜைக்கும் அப்பா குங்குமம் வைத்தார், நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், முள் நகரவில்லை. திண்டுக்கல் ஏறக்குறைய தொள்ளாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர், வேலை செய்யும் ஆல்டிமீட்டர் இங்கே அதைத்தான் காட்டும். முள் முந்நூற்று நாற்பதில் நிற்கிறது.